அழுத்தியவுடன் எடுக்கும் கேமரா

ஜோசபினின் சின்னக் கேமராவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் படமெடுக்கும். அதற்குள் பந்து வளையத்தில் விழுந்து, பெண்கள் கட்டிப்பிடித்துக் கூச்சலிட்டு, திரும்பி நடக்கத் தொடங்கியிருப்பார்கள். ஈப்போவிலிருந்து வந்து, நியூ லின்னில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் அவள்தான் தமிழ்ப் பெண்கள் நெட்பால் அணிக்குப் படம் எடுப்பவள். இரண்டு சீசனாக அவள் எடுத்ததெல்லாம் வெறும் முதுகுகள்.

ஹென்டர்சனில் கல்யாணப் படம் எடுக்கும் கவிநேசன், எட்டு வருடப் பழைய தொழில்முறைக் கேமராவை லென்ஸோடு விற்கிறார் என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும், சனிக்கிழமை காலையே ரயிலேறிவிட்டாள்.

கவிநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். விற்கத் தெரியாத மனிதர் என்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்தது.

"வடிவாப் பாருங்கோ அக்கா. ரப்பர் உரிஞ்சிட்டுது. இருட்டில எடுத்தா புள்ளி புள்ளியா வரும். உங்கட போன்ல இதைவிட மெகாபிக்சல் கூட."

"ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கு?" இணையத்தில் படித்து வைத்திருந்த கேள்வி.

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் படம் எடுத்திட்டுது. மூண்டு லட்சம் வரைக்கும் போகும் எண்டுறாங்கள். எனக்குத் தெரியாது."

"அப்புறம் நான் ஏண்ணே இதை வாங்கணும்?"

கவிநேசன் யோசித்தார். "அழுத்தின உடனே எடுக்கும்."

ஜோசபின் கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டியதும், பாரத்தில் கழுத்து ஒருமுறை முன்னால் போய் வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் தாயிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஜோசபின் அழுத்தினாள். திரையில் சிறுமி வானத்தில் நின்றாள். இரண்டு பின்னல்களும் மேலே, காலிலிருந்து கழன்ற செருப்பு வேலிக்கு மேலே. ஜோசபின் வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடி அழுத்தினாள். சத்தமே இல்லை. திரை கறுத்துவிட்டது.

கவிநேசனின் முகம் வெளிறியது. "நேற்று வேலை செய்ததே..." பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அசையவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி தனுஷா இன்னொரு பேட்டரியோடு வந்தாள். "அந்தப் பற்றறி ஒரு வருஷமாச் சாகக் கிடக்குது. எறியச் சொன்னா இவர் கேட்டாத்தானே!"

புதியதை மாட்டியதும் கேமரா விழித்துக்கொண்டது. ஆனால் ஜோசபினுக்கு மனம் இரண்டாகிவிட்டது. இன்று பேட்டரி, நாளை வேறொன்று என்றால்?

"இப்ப காசு வேண்டாம்," என்றார் கவிநேசன். "நாளைக்கு மேட்ச் எண்டு சொன்னீங்களே, கொண்டுபோங்கோ. சரிவந்தா எடுங்கோ. இல்லாட்டித் திருப்பித் தாங்கோ."

"என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாதேண்ணே?"

"இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு எங்க ஓடப்போறீங்க?" என்று சிரித்தாள் தனுஷா.

ஞாயிற்றுக்கிழமை தூறல். பாதி ஆட்டத்திலேயே மணிக்கட்டு வலித்தது. கடைசி நிமிடத்தில், சமநிலையில், அணித்தலைவி கல்யாணி எம்பி எறிந்தாள். ஜோசபின் அழுத்தினாள். பந்து விரல் நுனியை விட்டுப் பிரியும் கணம், தடுக்க வந்த கை ஓர் அங்குலம் கீழே, மழைத்துளிகள் தனித்தனியாக. ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கேயே போனில் கவிநேசனுக்குப் பணத்தை அனுப்பினாள்.

அன்று மாலை, படம் வாட்ஸப் குழுவுக்குப் போனது. எல்லோரும் கொண்டாடினார்கள். கல்யாணி மட்டும் போன் செய்தாள்.

"அந்தப் படத்தைத் தூக்குடி! என் வாய் எப்படிப் பொளந்து கிடக்கு பாரு!"

"அந்தக் கோல்லதான் ஜெயிச்சோம், லா," என்றாள் ஜோசபின், ஈப்போப் பேச்சு மாறாமல்.



"சரி... பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. மதுரையில இருக்கற அம்மாவுக்கு அனுப்பணும்."