நான்கு விரல் இடைவெளி

என் மகள் எனக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்கு நீ என் அம்மான்னு அங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது." பல் துலக்கும்போது ஒரு தடவை, சீருடைக்குப் பொத்தான் போடும்போது ஒரு தடவை, வாசலில் ஷூ மாட்டும்போது ஒரு தடவை என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். நானும் மூன்று முறை தலையாட்டினேன். என் வாய் சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும், பெற்ற பெண்ணுக்குத் தெரியாதா?

அவள் வேலை பார்ப்பது எங்கள் ஊர்ப் பொழுதுபோக்குப் பூங்காவில், ரோலர் கோஸ்டர் மேடையில். எட்டு மாதமாகப் பயிற்சி. அன்று தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்து நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவருக்குத் திருப்தியென்றால் சாயங்காலம் சிவப்புக் கயிற்றில் கோர்த்த சாவி அவள் கழுத்துக்கு வரும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் வண்டி கிளம்பும். திருப்தியில்லையென்றால் மறுபடி ஒரு வருஷம் சின்னக் குழந்தைகளின் கோப்பை ராட்டினத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே சும்மா நின்று பார்க்கிறவருக்கே தலை சுற்றும்.

என்னை ஏன் மறைக்கிறாள் என்றால், அந்தப் பூங்காவில் என்னைத் தெரியாத ஆளில்லை. "எக்ஸ்ரே அம்மா" என்றுதான் பெயர். சிபாரிசில் வந்தவள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்பது அவளுடைய ரோஷம். ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. இருபத்தொன்பது வருஷமாக ஒரே வசனம்: "மூச்சை இழுங்க... பிடிங்க... ம், விடுங்க." படம் கலங்கியிருந்தால் யாராக இருந்தாலும் மறுபடி படுக்க வைப்பேன். ஒரு தடவை பெரிய டாக்டரின் மாமியார் அசைந்துவிட்டார். "பரவாயில்ல, விடுங்க" என்றார் டாக்டர். நானா விடுவேன்? மூன்று தடவை எடுத்தேன்.

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். நான் இறக்கங்களைச் சேர்க்கிறேன். உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போனால்கூட, அந்த ஊரில் ரோலர் கோஸ்டர் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவேன். இதுவரை முப்பத்தொரு வண்டிகள். ஆனால் மனசு ஒட்டிக்கொண்டது எங்கள் ஊர் ரோலர் கோஸ்டரான 'பறக்கும் குதிரை'யோடுதான். அதில் ஏறிய ஒவ்வொரு சவாரியையும் தேதி போட்டு, எந்த வரிசை என்று எழுதி, ஒரு நீளமான பதிவேட்டில் வைத்திருக்கிறேன். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்ததும் நிறுத்திக்கொண்டேன். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்நூறாவதை என் மகள் கைகாட்டி அனுப்ப வேண்டும், அவளுடைய பெரிய நாளில். அதற்காகவே அன்று விடுப்பும் எடுத்தேன்.

வீட்டுக்காரரும் வந்தார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், குதிரையில் மட்டும் ஏற மாட்டார். "ஸ்டியரிங் என் கையில இல்லாத வண்டி எனக்கு வேணாம்" என்பார். நிழல் பார்த்து ஒரு பெஞ்சைப் பிடித்து, என் கைப்பையையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியை நின்றார். முதல் தடவையாம். கைகள் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன. மேடையை நெருங்க நெருங்க என் வாய் துறுதுறுத்தது. அங்கே என் மகள் ஒரு பையனை உயரக் கோலுக்கு எதிரே நிறுத்தியிருந்தாள். ஒரு விரல் குறைவு. அவன் அப்பா குதிக்கிறார், "போன மாசம் இதே உயரத்துல ஏத்தினாங்களே!" என்று. அவள் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பையனுக்கு எதிரே மண்டி போட்டு ஏதோ சொன்னாள். அவன் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"அந்தப் பொண்ணு வேலையில கெட்டி, இல்ல?" என்றேன் ஆசிரியையிடம். அம்மா என்று சொல்லவில்லையே, மூன்றாம் மனுஷியாகத்தானே பாராட்டினேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"சேச்சே. பார்த்தா தெரியுது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தூணோரம் அந்த அதிகாரி நின்றார். ஒல்லி. கையில் அட்டை, அதில் தாள். சிரிப்பை வீட்டிலேயே பூட்டிவிட்டு வந்த முகம்.

இப்போது என் திருட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் எப்போதும் கடைசி வரிசைதான். முதல் உச்சியில் வண்டி தலைகுப்புறச் சாயும்போது பின்னால் இருப்பவர்களைத்தான் சுண்டி இழுக்கும். மடி மேல் இறங்கும் கம்பி இறுக்கமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தளர்வாக இருந்தால் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். இரண்டே விநாடி. எடை என்று ஒன்றே இல்லாத இரண்டு விநாடி. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். கம்பி இறங்கும்போது மூச்சை முட்ட இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வேன். சோதிக்கிறவர் அழுத்திப் பார்ப்பார், நிற்கும், போய்விடுவார். பிறகு மூச்சை விட்டால் வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. இத்தனை வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மகளுக்குப் பத்து வயதில் உயரம் எட்டியபோது அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே வயிற்றை உப்பினாள். அன்றோடு சரி, வேறு யாருக்கும் சொன்னதில்லை.

அன்று புத்தி கெட்டுப்போய் ஆசிரியைக்கும் சொன்னேன். "பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்துக்குங்க, மிதக்கலாம்" என்றேன். பெருமை தலைக்கேறினால் தானம் செய்யத் தோன்றும் போலிருக்கிறது.

நானும் ஆசிரியையும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தோம். கம்பிகள் இறங்கின. என் வயிறு வழக்கம்போல் தயாராக இருந்தது. மகள் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு கம்பியாக அழுத்தி, மேலே இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். பயிற்சிக் காலத்தில் என் கம்பியை அவள் சோதித்ததே இல்லை. அழுத்தினாள். நின்றது. இழுத்தாள். பூட்டியிருந்தது. போய்விடுவாள் என்று நினைத்தேன். கையை எடுக்கவில்லை.

"மூச்சை விடுங்க, மேடம்."

மேடமா! பக்கத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தம். ஆசிரியை மூச்சை விட்டிருந்தார். அவர் கம்பியை மகள் மறு கையால் அழுத்த, அது 'டக் டக்' என்று இரண்டு பல் கீழே இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, முதல் தடவை ஏறுகிற ஒருத்தியை என் வித்தையோடு அனுப்பப் பார்த்திருக்கிறேன் என்று. அப்போதாவது நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. திமிர்தான், வேறென்ன. ஐந்நூறாவது சவாரி. அதுவும் என் வயிற்றில் பிறந்தவள் என்னையே சோதிக்கிறாளா? கண்ணாலேயே "போடி" என்றேன்.

அவளும் கண்ணாலேயே காத்திருந்தாள். என்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சுப் பிடிக்க முடியும், அது அவளுக்கும் தெரியும். வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. "என்னாச்சு? வண்டிய விடுங்கப்பா!" அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் கையை உயர்த்தி, பொத்தான் பலகையில் நின்றவருக்கு நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். என் கம்பி மட்டும் மேலே எழும்பியது.

"இறங்குங்க, மேடம். இந்த வண்டியில உங்களை அனுப்ப முடியாது."

அறுபது பேர் பார்க்க இறங்கினேன். மானம் கப்பலேறியது. காது இரண்டும் சுட்டது. வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே வெளியேறும் பக்கம் போய் நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி முதல் வரிசையிலிருந்து எல்லாக் கம்பிகளையும் சோதித்தாள். பிறகு கட்டைவிரலை உயர்த்தினாள். பக்கத்து இடம் காலியாக, ஆசிரியை ஆகாசத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அதிகாரி அவளருகே வந்தார். நான் நின்ற இடத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"கம்பி பூட்டித்தானே இருந்தது?"

"இருந்தது சார். ஆனா அவங்க மூச்சைப் பிடிச்சிருந்தாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண் வண்டி போன தண்டவாளத்துக்குப் போனது.

"கேக்கறேன்ல? வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியல. வண்டி மூணு நிமிஷம் தாமதம். ஒரு பெரியவங்களை எல்லார் முன்னாலயும் இறக்கி விட்டிருக்கே. காரணம் சொல்லலைன்னா, நீ அநாவசியமா நிறுத்தினதாத்தான் நான் எழுதணும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எப்படிச் சொல்வாள்? சொல்லிக்கொடுத்தது யார் என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் எட்டு மாத ரோஷமும் என் பெயரும் சேர்ந்து போகும். பேனா தாளில் இறங்கப்போனது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன்.

என் மகள் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். குதிரை சுற்றி முடித்து வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். "நான் உக்கார்றேன், நீங்களே கம்பியை இறக்கிப் பாருங்க" என்றேன் அதிகாரியிடம். மூச்சை இழுத்தேன். அவர் அழுத்தினார், இழுத்தார், பூட்டியிருக்கிறது என்று தலையாட்டினார். மூச்சை விட்டேன். அவர் தன் விரல்களை இடைவெளியில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முகத்தில் ஈயாடவில்லை.

"இது எத்தனை தடவை செஞ்சிருக்கீங்க?"

"நானூத்தித் தொண்ணூத்தொன்பது. பதிவேடு இருக்கு."

"ஒருத்தர்கூடப் பிடிக்கலையா?"

"இல்ல சார். இவதான் முதல் ஆள்."

"சரி, இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"பத்து வயசுல நான்தான் சொல்லிக் குடுத்தேன்." மேடை முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன். "நான் இவளைப் பெத்தவ."

பொத்தான் பலகையில் இருந்தவர் வாயைப் பிளந்தார். வரிசையே வாயைப் பிளந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, அதை அவர் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும்.

"உங்க அம்மான்னு தெரிஞ்சேவா இறக்கி விட்டே?"

"கம்பி இறங்கலையே சார்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் சொன்னாள். வேறு விளக்கமில்லை, மன்னிப்புமில்லை. பெரிய டாக்டரின் மாமியாரை மூன்றாவது தடவை படுக்க வைத்த அன்று நான் நின்ற மாதிரியே நின்றாள். என் பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. கொஞ்சம் முன்னால் கறுவியதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவள் என் பெண், என் பெண் என்று அந்த அறுபது பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அதிகாரி என் வருடாந்திர நுழைவு அட்டையைக் கேட்டார். ஆறு மாதம் எந்தச் சவாரியும் கிடையாது என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். "நியாயம்தான் சார்" என்றேன். அவர் தாளில் நிறைய எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டார்.

பெஞ்சுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் என் கண்ணாடி அவர் மடியிலிருந்து கீழே விழுந்தது. "முப்பது வருஷமா உன்னை ஒரு இடத்துலயும் என்னால இறக்கி விட முடியல. அவ இறக்கிட்டா!"

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வெளியே வந்தாள். கழுத்தில் சிவப்புக் கயிறு. சாவியைச் சட்டைக்குள் போட்டு மறைத்திருந்தாள். எங்களுக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"கோவமாம்மா?"

"ஆமா" என்றேன். "மேடமாம், மேடம்."

"எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடறேன்?"

"அதான். அது ரொம்பச் சரி." கயிற்றைப் பிடித்து இழுத்துச் சாவியை வெளியே எடுத்து, சீருடைக்கு மேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி போட்டுவிட்டேன். "இதை ஏன்டி மறைக்கிறே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டளைதான் உடைந்துவிட்டதே, பிறகென்ன? திரும்பும் பேருந்தில் கண்டக்டரிடம் சொன்னேன். முன்னிருக்கைத் தம்பதியிடம் சொன்னேன். "பெத்த தாயையே இறக்கி விட்டுட்டா, பார்த்துக்குங்க" என்றேன். முதலில் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்ததும் குழம்பிவிட்டார்கள். என் மகள் ஜன்னல் பக்கம் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மா, போதும்மா" என்று முனகிக்கொண்டே வந்தாள். ஆனால் சாவியை மறுபடி உள்ளே போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டை எடுத்தேன். ஐந்நூறு என்ற எண்ணை மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, தேதி போட்டேன். எந்த வரிசை என்கிற இடத்தில் 'கடைசி' என்று எழுதினேன். சவாரி என்கிற இடத்தில், 'என் மகள் இறக்கிவிட்டாள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.