உனக்காகத்தான் ஜெபித்தேன்

அறுபத்தெட்டாம் வருஷத்து லெந்து என்னும் தவக்கால நாட்கள் தொடங்கியதிலிருந்து, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கிருபாவதியும் பக்கத்து வீட்டு ரெபேக்காளும் சேர்ந்தே உபவாசம் இருந்தார்கள். ராட்டையில் பட்டு நூல் சுற்றியபடி, தங்கள் பாவங்களை ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லி அழுவார்கள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிய கிருபாவதி, மாகறலில் செத்துப்போன தன் தாய்க்குப் புருஷனுக்குத் தெரியாமல் வாய்க்கரிசி போட்டதைச் சொன்னதும் அப்படித்தான்.

மூன்றாம் வெள்ளி, சபையார் கிருபாவதி வீட்டில் கூடினார்கள். முழங்காலில் நின்ற ரெபேக்காள் கண்ணீரோடு குரலெடுத்தாள். "ஆண்டவரே, தாய்க்கு வாய்க்கரிசி போட்ட இந்த வீட்டு மகளை மன்னியும்!"

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். கிருபாவதியின் புருஷன் மட்டும் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான்.

கூட்டம் கலைந்ததும் ரெபேக்காள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்காகத்தான்மா பாரத்தோட ஜெபம் பண்ணேன்."

கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையை உதறவில்லை.

"ரொம்ப சந்தோஷம்க்கா. அடுத்த வெள்ளி உன் வூட்டுலதானே கூட்டம்? உனக்காக நான் ஜெபம் பண்றேன். நீ அழுதுக்கினே என்கிட்ட சொன்னது ஒண்ணுகூட மறக்கலை."

ரெபேக்காள் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள்.