தேநீருக்குப் பிறகு பேசியவை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தில் எழுதினால் கதை கெட்டுவிடும் என்பவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் எழுத்தாளர் அல்ல. கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் இயக்குநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். இருபத்திரண்டு வருடமாக. ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினால் "உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்" என்று எழுதுவேன். ஒருவர் தூங்கி வழிந்தால் "உறுப்பினர் உடன்பட்டார்" என்று எழுதுவேன். யோசித்துப் பார்த்தால் கதை எழுத எனக்கு நல்ல பயிற்சிதான் கிடைத்திருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பதுதான் சிக்கல்.

"கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில்..." (அடித்துவிட்டேன். என் இருக்கையிலிருந்து கடல் தெரியாது. மோட்டார் அறையின் பின்சுவரும் துருப்பிடித்த ஓர் ஏணியும்தான் தெரியும்.)

"புதன்கிழமை மாலை இருநூற்றுப் பன்னிரண்டு கடல் அட்டைகள் தங்கள் குடலை..." (நிறுத்துகிறேன். கடல் அட்டை என்றால் என்னவென்று இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் சாவு எதற்கு?)

"148ஆவது கூட்டம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநர் தலைமையில் தொடங்கியது." இது தானாக வருகிறது. கை பழகிவிட்டது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கூட்டத்துக்குள் போகுமுன் எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினொரு மணிக்குத் தேநீர்த் தட்டு உள்ளே வரும். வந்ததும் நான் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். தேநீருக்குப் பிறகு பேசுவது எதுவும் பதிவாகாது. ஆய்வுக்கூடத்தை ஆரம்பித்தவர் செய்த ஏற்பாடு இது. நாலு பேர் மனம் விட்டுப் பேசப் பத்து நிமிடமாவது வேண்டாமா என்று அவர் நினைத்தார். நல்ல எண்ணம்தான்.

ஆனால் படகோட்டி, மோட்டார் பார்ப்பவர், தொட்டி பார்ப்பவள் இவர்களெல்லாம் குழு உறுப்பினர்கள் இல்லை. கடைசியில்தான் உள்ளே கூப்பிடுவார்கள். அதாவது தேநீருக்குப் பிறகு. ஆக, தினமும் கடலைத் தொடுகிறவர்கள் பேசிய ஒரு வார்த்தைகூட எங்கள் குறிப்பேடுகளில் இல்லை. அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறோம், தேடிப் பாருங்கள். இத்தனை வருடத்தில் இது எனக்கு உறைத்ததே இல்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

3

இப்போது தொட்டி பார்ப்பவள்.

முதல் வரைவில் அவளை எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தியாக எழுதினேன். உயரமானவள், அதிகம் பேசாதவள், கண்ணில் ஏதோ சோகம். படித்துப் பார்த்தால் சகிக்கவில்லை. உண்மையில் அவள் குட்டை. வாய் ஓயாது. என் நாத்தனார்.

(பார்த்தீர்களா, என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குத்தான் மறைத்தேன். ஆனால் நாத்தனாருக்காகப் பொய்ச்சாட்சி சொல்லும் அண்ணியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?)

ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுடைய ரப்பர் பூட்ஸ் வாசலில் கிடந்தால் வீடு முழுக்க மீன் வாடை. அதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. பத்தொன்பது வருடமாக அந்தத் தொட்டிகளைப் பார்க்கிறாள். கடைசி ஆறு வருடம் கடல் அட்டைகள். பார்ப்பதற்கு அழுகிய வெள்ளரிக்காய் போல இருக்கும், கண்ணும் கிடையாது முகமும் கிடையாது. "ஆறு வருஷம் வளத்தா அட்டையும் பிள்ளைதான் அண்ணி" என்பாள். ஆபத்து வந்தால் அந்தப் பிராணி தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். பிறகு மெதுவாகப் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும்.

அடிக்குறிப்பு: அலுவலகங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. என்ன, அவை அடுத்தவர் குடலைத்தான் தள்ளிவிடும்.

4

148ஆவது கூட்டம், மூன்றாவது பொருள். மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு வெள்ளிக்கிழமை வருகிறது. கடல்நீரை இழுக்கும் குழாயில் சிப்பி அடைத்துக் கிடக்கிறது. அவர்கள் வருவதற்குள் குளோரின் ஊற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். புதன்கிழமை என்று முடிவாயிற்று. எழுதினேன். தேநீர் வந்தது. பேனாவை மூடினேன். நாத்தனாரைக் கூப்பிட்டார்கள்.

"புதன் வேண்டாம் சார்," என்றாள், கதவைச் சாத்துவதற்குள்ளேயே. "அன்னிக்கு அமாவாசை. கடல் ரொம்ப உள்வாங்கிடும். குழாய் வாய்க்குத் தண்ணியே எட்டாது. ஊத்தின மருந்தை எதை வெச்சுக் கழுவுவீங்க? குழாய்லயே நிக்கும். திரும்பத் தண்ணி ஏறினதும் நேரா தொட்டிக்குத்தான் வரும். அடுத்த வாரம் பண்ணிக்கலாம் சார்."

இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை ஆளுங்க வர்றாங்கம்மா. ஒண்ணு பண்ணலாமா? புதன்கிழமை உள்வாங்கக் கூடாதுன்னு கடலுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிடலாமா?"

ஏழு உறுப்பினர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

(மேலே உள்ள கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

அந்த நகைச்சுவை மறுநாளே கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. நூலகர் சொன்னார். வாசல் காவலர் என்னிடமே வந்து, "கடலுக்குச் சுற்றறிக்கை டைப் அடிச்சாச்சா மேடம்?" என்று கேட்டார்.

5

டைப் அடித்தது வேறொன்று. புதன்கிழமை முழுக்கத் தொட்டி பார்ப்பவள் முன்வாசலில் பூச்செடிகளை அடுக்க வேண்டும், ஆய்வுக்குழுவை வரவேற்க. ஆணையில் இயக்குநரின் கையெழுத்து. எழுத்து என்னுடையது.

அவள் நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது குளோரின் ஊற்றி மோட்டாரும் ஓடி முடிந்திருந்தது. நல்ல எழுத்தாளராக இருந்தால் இங்கே அந்தத் தொட்டியை வர்ணிக்க வேண்டும். நான் செய்ய மாட்டேன். குளோரின் நெடி மாடிப்படி வரை வந்தது என்பதும், அவள் முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள் என்பதும் போதும். எடுக்கும்போது எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே குடலைத் தள்ளியிருந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

விசாரணை அறிக்கை பத்தே நாளில் வந்துவிட்டது. (குழாய் ரிப்பேருக்கு எங்களிடம் எட்டு மாதம் ஆகும்.) "கடல்மட்ட நிலையை முன்கூட்டியே குழுவுக்குத் தெரிவிப்பது தொட்டிப் பராமரிப்பாளரின் கடமை. அவர் அதைச் செய்யத் தவறினார். ஆதாரம்: 148ஆவது கூட்டக் குறிப்பின் வரைவில் அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை. பணிநீக்கம் பரிந்துரைக்கப்படுகிறது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆதாரம் நான். நான் எழுதாமல் விட்டது.

6

அன்று மாலை சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணி, நான் சொன்னதை நீங்க எழுதலையா?"

"டீ வந்துடுச்சும்மா."

"அப்போ நான் பேசவே இல்லையா?"

இந்த இடத்தில் நான் ஒரு நல்ல பதில் சொன்னதாக இரண்டு வரைவுகளில் எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

என் கணவர், அதாவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பேசினார். "நீ ஏதாவது மாத்தி எழுதி வம்பை விலை கொடுத்து வாங்காத. எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு வீட்ல ஒருத்தர் வேலையாவது நிக்கணும்ல?"

"உங்க தங்கச்சிங்க அவ," என்றேன்.

"தெரியும்டி," என்றார். அதற்கப்புறம் தாளைப் புரட்டும் சத்தமே கேட்கவில்லை.

7

குறிப்பின் வரைவு வரைவுதான். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக நான் அதை உரக்கப் படிக்க வேண்டும். உறுப்பினர்கள் கை தூக்கி உறுதி செய்த பிறகே அது செல்லும். ஆகவே எனக்கு முடிவுகள் சில இருந்தன.

முடிவு ஒன்று: உள்ளதை உள்ளபடி படித்துவிட்டு உட்காருகிறேன். அவளை அனுப்பிவிடுகிறார்கள். மிச்ச ஆயுள் முழுக்க அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

முடிவு இரண்டு: இயக்குநர் மனம் திருந்தி, கண்ணீர் மல்க... (எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு மூன்று: விட்டுப்போன எச்சரிக்கையைச் சேர்த்துப் படிக்கிறேன். உடனே ஏழு பேரும் "எங்களுக்கு ஞாபகம் இல்லையே" என்பார்கள். நாத்தனாருக்காக அண்ணி செருகிய வரி என்று அறிக்கை வரும். இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதில்தான் சிக்கிக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை வாசலைத் தாண்டும்போது காவலர் பழைய நினைவில், "என்ன மேடம், கடல் சுற்றறிக்கைக்குப் பதில் போட்டுச்சா?" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எச்சரிக்கையை எல்லாரும் மறக்கலாம். ஆனால் அந்த நகைச்சுவையை இந்தக் கட்டடத்தில் மறந்தவர் ஒருவர்கூட இல்லை. அவள் எச்சரிக்காமல் அந்த நகைச்சுவை எங்கிருந்து வந்தது?

8

149ஆவது கூட்டம். காலை பத்து மணி. நாத்தனார் வெளியே பெஞ்சில். நான் எழுந்து நின்று படித்தேன். தீர்மானங்கள் முடிந்தன. "தேநீர் வழங்கப்பட்டது" என்ற வரியில் வழக்கமாக நிறுத்துவேன். நிறுத்தவில்லை.

"நேரம் 11.07. புதன்கிழமை கடல் உள்வாங்கும், மருந்து தொட்டிக்கு வரும், எனவே வேண்டாம் என்று தொட்டிப் பராமரிப்பாளர் எச்சரித்தார். அதற்கு இயக்குநர், கடலுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமா என்று கேட்டார். உறுப்பினர்கள் சிரித்தனர். குறிப்பு எழுதுபவரும் சிரித்தார்."

மேசையின் கோடியில் இருந்த பேராசிரியர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டுப் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? அதெல்லாம் டீக்கு அப்புறம் பேசினது. அதைப் போய் எழுதுவாங்களா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பதினாறு. தேநீர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. உட்கார்ந்து, அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதினேன். பக்கத்தில் நேரத்தையும் போட்டேன்.

"இப்போ என்ன எழுதுறீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சார். டீக்கு அப்புறம் பேசினதுன்னு சொன்னீங்கல்ல, அதை. இப்போ டீ இன்னும் வரலையே."

அடுத்த வரி இயக்குநர் சொல்ல வேண்டியது. அவர் சொல்லவில்லை என்பதால் நான் சொன்னேன். "இந்தக் குறிப்பை உறுதி செய்யிறவங்க கை தூக்கலாம்." அந்த அறையில் நான் யாரிடமும் கேட்காமல் வாய் திறந்தது அன்றுதான்.

எத்தனை கை உயர்ந்தது என்று எழுத மாட்டேன். கேட்காதீர்கள். எழுதினால் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள். நீங்களும் அந்த மேசையில் இருந்தீர்கள். சுற்றறிக்கை என்றதும் நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள், எனக்குத் தெரியும்.

அவள் இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள், அந்த நாற்றம் பிடித்த பூட்ஸோடு. கை தூக்குவதோ சும்மா இருப்பதோ உங்கள் இஷ்டம். எதுவானாலும் எழுதிக்கொள்வேன். தேநீர் வந்தாலும் இனி இந்தப் பேனாவை மூடுவதாக இல்லை.