புதுமனையில் ஒலித்த வாழ்த்துகள்

கீழைக் கடலின் திரைமீது இளங்கதிர் செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போலப் பரவ, உவர்க்காற்றில் மூங்கிற்புதர்கள் தலை சாய்த்து நிமிர, சிப்பி ஓடுகள் பதித்த சுவர்கள் மீன்செதிலென மின்னிய அக்கடலோர ஊரில், சுவா பெங்லியாங் என்னும் இளையோன் புதுமனை புகுவதற்குக் கணியன் குறித்த காலை புலர்ந்தது.

கற்றறிந்தீர், பழைய அடுப்பின் தணல் அணையாது புதிய அடுப்பைச் சேர்தல் வேண்டும். அன்று அம்மனையில் அழுகையோ வசையோ எழுமாயின் அது சுவரிற் குடியேறிக் குலத்தை அரிக்கும். இது அம்மக்களின் உறுதிப்பாடு. உடன்பிறந்தார் பிரியுங்கால் தணலிற் பாதி மூத்தவனுக்கு என்பதும் அவர்தம் முறையே. ஆயினும், நல்வயலைத் தமையன் பெங்ஹோ கைக்கொண்டான் என்று நெஞ்சு புழுங்கிய இளையவன், விடியுமுன் பழைய அடுப்பை ஒரு கங்கும் எஞ்சாமல் வழித்துச் சட்டியில் நிரப்பிக்கொண்டு போந்தான்.

முப்பாட்டன் மூட்டிய தீ தன் அடுப்பில் வெறுஞ்சாம்பலாய்க் கிடக்கக் கண்ட பெங்ஹோ, ஆறு திங்கட் சூலுற்றிருந்த தன் மனைவியின் வயிற்றை நோக்கினான். தன் குலம் அவிந்ததென்றே துணிந்து, தோளிற் சுமை தூக்கும் காவுதடியைப் பற்றினான். அத்தனை சினத்திலும், முறை வழுவாது, தம்பியின் புதுமனை வாயிற்படியை மிதியாது தாண்டியே உள்ளே புகுந்தான்.

"புது வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுல்ல தம்பி? அதான் தடியோட வந்திருக்கேன்," என்று நகைத்தபடியே, இளையவனின் தோளெலும்பு முறியுமாறு ஓங்கி அடித்தான். "உன் வீடு பொன்னா விளையட்டும்."

வலியைப் பல்லிடை மென்று விழுங்கிய பெங்லியாங், புதுக்கலங்களோடு கிடந்த அகன்ற வெட்டுக்கத்தியை எடுத்தான். "உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் அண்ணே. நீங்க நூறு வருஷம் இருக்கணும்," என்று சொல்லித் தமையனின் கன்னத்தைக் கிழித்தான். தடி மீண்டும் சுழன்றது, சட்டி உடைந்தது, தணல் தரையெங்கும் மாதுளை முத்தெனச் சிதறியது.

இளையவனின் மனைவி கிம்லுவான் அக்கங்குகளை வெறுங்கையால் அள்ளினாள். உள்ளங்கை பொரிந்து நிணம் உருகவும், மனைக்குத் தீங்காகுமென்று அஞ்சி, உதட்டைக் கடித்துக் குருதி சொரிந்தாளேயன்றிக் கூவினாளில்லை. முற்றத்துக்கு வெளியே நாரத்தம்பழக் கூடைகளோடு நின்ற அயலார், பொருளுடைந்த ஓசையைக் குடிபுகுவோரின் பரபரப்பென்று கொண்டு, சுவரைக் கடந்து வந்த வாழ்த்துகளைக் கேட்டு மகிழ்ந்தனர். "பாகம் பிரிஞ்சும் பாசம் போகலை பாரு," என்றாள் ஒருத்தி.

"உங்க பிள்ளை ஊரையே ஆளணும் அண்ணே," என்ற சொல்லோடு கத்தி இறங்கியது. பெங்ஹோவின் கழுத்து பிளந்தது. தடி நழுவ, அவன் கங்குகளின்மேற் குப்புற வீழ்ந்தான். பீறிட்ட செந்நீர் சீறிப் புகைந்து, கிம்லுவான் அள்ளாதிருந்த தணலையும், அவள் சேர்த்து வைத்திருந்த தணலையும் ஒருங்கே அவித்தது.

அப்பொழுதுதான் அவள் அலறினாள். அவ்வலறல் கேட்ட அளவில் ஆடவர் பதின்மர் கூடைகளை எறிந்துவிட்டு உட்பாய்ந்தனர். முதலடிக்கே அது எழுந்திருப்பின் அவ்வாறே பாய்ந்திருப்பர்.

நாவைக் காத்தல் நன்றே. ஆயினும் நெஞ்சிற் கனன்ற சினத்துக்கு வாயை அடைத்தோர், கையின் வழியைத் திறந்துவிட்டதை அறிந்திலர். அன்று அம்மனையில் ஒரு வசை பிறந்திருப்பின் ஓருயிர் இறந்திராது.