இடது பக்கத்து டிராக்

"அம்மா, கோபிச்சுக்காதீங்க. இடது பக்க டிராக்கைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றார் கண் டாக்டர்.

பல்லக்கா உடனே கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளாதே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு வேறு வேலையே ஓடாது.

"தெரியும். தெரிஞ்சேதான் மாட்டியிருக்கேன்."

கண் டாக்டர் ஊரிலுள்ள மாடல் செய்கிறவர்கள் சங்கத்தின் தலைவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் சங்கத்தின் கண்காட்சி. மேசைக்குப் போகும் ஒவ்வொரு மாடலையும் முதல் நாள் காலையிலேயே அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அது போதாதென்று கையில் ஒரு பூதக்கண்ணாடி வேறு. கப்பல், விமானம், ரயில் என்று எது வந்தாலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கெட்ட மனுஷன் இல்லை. குறை சொல்லும்போது முகம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே மலர்ந்துவிடும்.

பல்லக்காவுக்குத் தொழில் பல்செட் செய்வது. முப்பது வருடமாக ஊரிலுள்ள பல் டாக்டர்களுக்கெல்லாம் அவள்தான் செய்து கொடுக்கிறாள். அதில் வந்த பெயர்தான் பல்லக்கா. பகலில் எந்த ஊசியால் மெழுகுப் பல்லைச் செதுக்குகிறாளோ, அதே ஊசியால் சாயங்காலம் ராணுவ டாங்கி மாடலின் வெல்டிங் தழும்பைக் குத்திக் குத்தி உண்டாக்குவாள். இது அவளுடைய பதினேழாவது டாங்கி. நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, இரண்டு கையால் ஏந்தினால் அடங்கிவிடும். முதலில் துருவின் நிறம், அதன் மேல் ஹேர் ஸ்பிரே, அதற்கும் மேல் பச்சை. பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் ஓரங்களில் பச்சை உரிந்து துரு எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து, தலைமுடி கனத்துக்கு ஏரியல் வைத்திருந்தாள். மொத்தம் பதினோரு மாத உழைப்பு.

டிராக் என்பது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை. பக்கத்துக்கு எழுபத்தெட்டு கண்ணிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, அராவி, கம்பித் துண்டால் கோத்திருந்தாள். தரையைக் கவ்விப் பிடிக்க ஒவ்வொரு கண்ணியிலும் அம்பு முனை போல ஒரு மேடு இருக்கும். அம்புகள் இரு பக்கமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இவளுடைய டாங்கியில் வலது பக்கம் ஒழுங்காக இருந்தது. இடது பக்கத்தில் எழுபத்தெட்டும் எதிர்த்திசையைப் பார்த்தன. முதல் டாங்கி செய்யும்போது இந்தத் தப்பைச் செய்யாத ஆளே கிடையாது. பதினேழாவதில் செய்கிறவர்களும் கிடையாது. அதனால்தான் டாக்டரின் முகம் இவ்வளவு மலர்ந்தது.

"விதி உங்களுக்குத் தெரியாததா? நிஜ வண்டியிலேர்ந்து மாறினா காரணம் எழுதணும், சாட்சி காட்டணும். இல்லேன்னா அது தப்பு. ஒரு மணி நேர வேலைம்மா, திருப்பி மாட்டிடுங்க. நடு மேசை உங்களுக்குத்தான். இந்த வருஷம் இது மாதிரி வேற ஒண்ணு வரல."

"நிஜ வண்டியே இப்படித்தான் டாக்டர் வந்துச்சு. சாட்சிதானே வேணும்? அதை ஓட்டினவரே எங்க வீட்டு மாடியில இருக்கார். நாளைக்குக் கூட்டிட்டு வரேன். அவர்கிட்டயும் கண்ணாடியை வெச்சுப் பாருங்க."

டாங்கியைப் பெட்டியில் வைத்துக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். நூலகக் கதவு. பாவம், அது என்ன செய்தது.

அந்த வண்டியை ஓட்டியவர் அவளுடைய அண்ணன். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. எல்லைச் சண்டையில் பின்வாங்கி வரும்போது சேற்றில் இடது டிராக் கழன்றுவிட்டது. இறங்கி மாட்டினார்கள், பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டினார்கள், உள்ளே இருந்த நான்கு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். முகாமில் பார்த்தால் டிராக் தலைகீழ். அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார்: தெரிந்தேதான் மாட்டினேன், ஒரு பக்கம் தேய்ந்த டிராக்கைத் திருப்பிப் போட்டால் தேயாத விளிம்பு மண்ணைப் பிடிக்கும், இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது என்று. யாரும் நம்பவில்லை. அதே வண்டியின் பீரங்கியில் குண்டு நிரப்பியவர் பிறகு இந்த ஊரிலேயே சைக்கிள் கடை வைத்தார். காற்றடிக்க வந்தவர்களுக்கெல்லாம் காற்றோடு சேர்த்துக் கதையையும் அடித்தார். அண்ணனுக்கு 'ரிவர்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில்கூட, "ரிவர்ஸ் தம்பியா, வாங்க வாங்க, நேரா வாங்க" என்றார்கள்.

பல்லக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பெயரைச் சொன்ன ஒருத்தியை ஜாமெட்ரி பாக்ஸால் மண்டையில் போட்டாள். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம், ஆளுக்கும் வயதுக்கும் தக்கபடி, வாயால் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அண்ணன் வேண்டுமென்றேதான் மாட்டினார். இதில் மட்டும் அவளிடம் பேச்சே வைத்துக்கொள்ள முடியாது. ஊர் முன்னால் அந்த டாங்கியை அப்படியே வைத்து, 'பாருங்கடா' என்று சொல்ல வேண்டும். பதினோரு மாதமும் அதற்காகத்தான்.

இத்தனை மாதத்தில் அண்ணன் ஒரு நாள்கூட அவளுடைய மேசைப் பக்கம் வந்து பார்க்கவில்லை. மூட்டுவலி, படி இறங்க முடியவில்லை என்பார். டீக்கடைக்கு மட்டும் அந்த மூட்டு தினமும் இரண்டு வேளை இறங்கும்.

மத்தியானம் மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பணும். அந்த டாக்டர் முன்னால நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அண்ணன் நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"திருப்பி மாட்டிடு பாப்பா."

"என்னது?"

"டாக்டர் சொல்றது சரிதான். திருப்பி மாட்டிடு."

"அண்ணே, அது நீ தெரிஞ்சு பண்ணினது. அதைப் போய் நான் ஏன்..."

"தெரிஞ்சு பண்ணல."

அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குக் கல்யாணமான மாசமே தெரியும்" என்றாள் துணியைப் பார்த்தபடி. "இந்த மனுஷனுக்குப் பொய் சொன்னா காது மடல் சிவந்துடும்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு நாள் தூங்கல. சேத்துல மல்லாந்து படுத்துக்கிட்டு மாட்டினேன். எது முன்னே, எது பின்னேன்னு கண்ணுக்குத் தெரியல. வண்டியை எடுத்த பத்தாவது அடியிலேயே புரிஞ்சுபோச்சு, இடது பக்கம் வழுக்குச்சு. நிறுத்திக் கழட்டினா எல்லாரும் செத்தோம். வாயை மூடிக்கிட்டு நடக்கிற வேகத்துல ஓட்டிட்டு வந்தேன். முகாம்ல அதிகாரி, 'எந்தக் கழுதை இதை மாட்டினது'ன்னு கேட்டார். எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறானுங்க. தெரிஞ்சேதான் மாட்டினேன் சார்னு வந்துடுச்சு. தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா அன்னைக்கு ஒரு நாள் சிரிச்சிட்டு விட்டிருப்பானுங்க."

பல்லக்கா வெடித்தாள்.

"நாப்பத்தஞ்சு வருஷம்! உனக்காக எத்தனை பேரோட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? ஒருத்தியோட மண்டையை உடைச்சேனே அண்ணே! அவ இன்னைக்கும் என்கிட்ட பேசறதில்ல. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"உன்கிட்டதான் பாப்பா சொல்லவே முடியல. நம்பினது நீ ஒருத்திதான்."

அவள் படியிறங்கி வந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டில் ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அதுதான் கைக்குப் பழக்கம்.

பட்டறை மேசையில் டாங்கியை எடுத்து வைத்தாள். இடுக்கியால் இடது டிராக்கின் ஒரு கம்பியை உருவினாள். பட்டை நெகிழ்ந்து மேசையில் விழுந்தது. திருப்பிப் போட்டுக் கம்பியைச் சொருகினால் முடிந்தது. டாக்டர் மகிழ்ச்சியாக இருப்பார், அண்ணன் நிம்மதியாக இருப்பார், நடு மேசை கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. திருப்பி மாட்டினால் இது எந்த வண்டி? புத்தகத்தில் இருக்கும் வண்டி. அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்த வண்டி இப்படித்தானே வந்தது? பொய் அவர் வாயில்தான் இருந்தது, டிராக்கில் இல்லை. வழுக்குகிற வண்டி என்று தெரிந்தே ஒருவன் பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டி நான்கு பேரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். திருப்பிப் போட்டதை வித்தை என்று இத்தனை நாள் பெருமையடித்தோமே, வித்தை அதிலா இருந்தது என்று நினைத்ததும் அவளுக்கு அண்ணன் மேல் இன்னும் கோபம் வந்தது. அந்தப் பெரிய காரியத்தை இந்தச் சின்னப் பொய்யால் அவரே மூடி வைத்துவிட்டாரே!

டிராக்கைத் தலைகீழாகவே மாட்டிக் கம்பியைச் சொருகினாள். கண்காட்சி விண்ணப்பத்தை எடுத்து, 'மாறுபாட்டுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் எழுதினாள்: 'தவறுதலாக மாட்டப்பட்டது. மாட்டியவர், ஓட்டியவர்: என் அண்ணன். நான்கு பேர் உயிரோடு திரும்பினார்கள்.' கட்டம் சின்னது. எழுத்து வெளியே வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டாள். காகிதத்தை மாடிக்குக் கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தாள்.

"இதைத்தான் நாளைக்குக் கொடுக்கப்போறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

மறுநாள் காலை கண் டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கூடம் நிறையக் கூட்டம். நடு மேசையின் வெள்ளை விரிப்பு இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"என்னம்மா இது? தப்பையே காரணமா எழுதினா எப்படி?"

"நடந்ததை எழுதச் சொல்லுது உங்க விதி. நடந்தது அதுதான்."

"நேத்து தெரிஞ்சே மாட்டினதுன்னு சொன்னீங்களே?"

"நான் தெரிஞ்சுதான் மாட்டினேன். அவர் தெரியாம மாட்டினார்."

"அப்போ சாட்சி?"

"நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அண்ணி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். தாங்கவா, திரும்பி ஓடாமல் இருக்கவா என்று சொல்ல முடியாது.

டாக்டர் அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். மெய்யாகவே உதவி செய்ய நினைத்தார். "ஐயா, தெரிஞ்சேதான் மாட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கள அனுபவம்னு எழுதிக்கறேன். இதை நடு மேசையில வைக்க எனக்கும் ஆசைதான்."

அண்ணன் காலியாக இருந்த நடு மேசையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"அந்த வார்த்தையை நாப்பத்தஞ்சு வருஷம் சொல்லிப் பார்த்துட்டேன் டாக்டர்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "தெரியாமத்தான் மாட்டினேன். தப்பு என்னோடது. எங்கே கையெழுத்துப் போடணும்?"

யாரோ ஒருவர் சிரித்தார். அண்ணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

நடு மேசைக்கு ஒரு போர்க்கப்பல் போனது. டாங்கிக்குக் கடைசியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூல் கிடைத்தது. மேசையில்தானே வைக்கக் கூடாது என்று டாக்டரே விதியை வளைத்துக் கொடுத்தார். பல்லக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். கை கழுவ வருகிறவர்கள் எல்லோரும் படிக்கும்படி விண்ணப்பத்தை எதிரே ஒட்டினாள்.

அண்ணன் குனிந்து டாங்கியைப் பார்த்தார். சுற்றி வந்து இடது பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தாள்.

"சேறு பத்தாது பாப்பா."

"என்னண்ணே?"

"நான் சொன்ன கதைக்கு இது போதும். அன்னைக்கு இப்படி இல்ல. இந்தச் சக்கரமெல்லாம் கண்ணுக்கே தெரியாது. இதோ, இதுவரைக்கும் சேறு" என்று டாங்கியின் வயிற்றுக்கு நேராக விரலை வைத்தார். "இந்த இடத்துலதான் தலையை வெச்சுப் படுத்திருந்தேன்."

அவள் பையைத் திறந்தாள். பல் அச்சு எடுக்கும் மாவு, பழுப்புப் பொடி, பழைய தூரிகை. தொட்டியில் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குழைத்தாள்.

"அம்மா! காட்சிக்கு வெச்ச பிறகு யாரும் கை வைக்கக் கூடாது!" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து டாக்டர் கத்தினார்.

"கண்ணை மூடிக்கோங்க டாக்டர்" என்று இவளும் கத்தினாள். பதினோரு மாதம் பார்த்துப் பார்த்து அராவிய கண்ணிகளின் மேல் சேற்றை அப்பினாள்.

"போதுமா?"

"இன்னும்" என்றார் அண்ணன்.