ஒரே வார்ப்பின் இரு துண்டுகள்

மலேசியாவின் ஜொகூர் பாருவிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் சிந்துஜா உலோகங்களைக் குளிரூட்டி, அவை எவ்வளவு வெப்பத்தை ஏற்கின்றன என்று அளந்துகொண்டிருந்தாள். குளிர் கூடக்கூட அணுக்களின் அதிர்வு ஒடுங்கும். திரவ ஹீலியத்தின் குளிரில் ஏறக்குறைய அடங்கிவிடும். யோங் பெங்கில் உலோக வார்ப்புப் பட்டறை வைத்திருந்த அர்ச்சுனன் வார்த்துக் கொடுத்த அலுமினியத் துண்டு மட்டும் அடங்கவில்லை. யாரும் வெப்பம் கொடுக்காமலே திடீரென்று சூடேறியது. பிறகு தானே தணிந்தது.

வெப்பமானியை மாற்றிப் பார்த்தாள். கதிரியக்கமும் இல்லை. கூடத்தின் தலைவர் தேவானந்தன், இணைப்பில் ஏதோ கோளாறு என்றார்.

வார்த்தவரையே கேட்டுவிடலாம் என்று சிந்துஜா நேரே யோங் பெங்குக்குப் போனாள். அர்ச்சுனனின் மனைவி ஷாமளா நோயில் படுத்திருந்தார். அவர் கைக்குள் அதே வார்ப்பில் வெட்டிய இன்னொரு துண்டு. காய்ச்சல் அடிக்கும்போது பிடித்துக்கொள்வாராம்.

"எவ்வளவு நேரம் பிடிச்சாலும் இது சூடாகவே மாட்டேங்குதும்மா," என்றார் ஷாமளா. "என் சூடெல்லாம் எங்க போகுதுன்னு தெரியல."

சிந்துஜா தேவானந்தனைத் தொலைபேசியில் அழைத்து, ஆய்வுக்கூடத்துத் துண்டின் வெப்பமானியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஷாமளாவைக் கையை எடுக்கச் சொன்னாள்; மறுபடி பிடிக்கச் சொன்னாள். அதற்கேற்ப அங்கே வெப்ப அளவு இறங்கி ஏறியது. தேவானந்தன் அதன்பின் இணைப்பைக் குறை சொல்லவில்லை.

சில வாரங்களில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்துத் துண்டு முழுக்கக் குளிர்ந்தது. மீண்டும் ஏறவில்லை. அவளுக்குப் புரிந்தது. தயங்கித் தயங்கி, மறுநாள் மத்தியானம்தான் அர்ச்சுனனை அழைத்தாள்.

"நேத்துப் போயிட்டாம்மா," என்றார். "அந்தத் துண்டை அவ கையிலேயே விட்டுட்டேன். இப்பத்தான் சுடுகாட்டுல தகனச் சூளைக்குள்ள வச்சாங்க."

சிந்துஜா ஹீலியம் கலத்திடம் ஓடினாள். அந்தச் சூளையின் வெப்பம் இங்குள்ள துண்டில் ஏறினால், கொதித்தெழும் ஹீலியம் கலத்தையே வெடிக்க வைத்துவிடும். அவளும் தேவானந்தனுமாக வாயுவை வெளியேற்றி, துண்டை இடுக்கியால் தூக்கித் தீ தாங்கும் செங்கல்மேல் வைத்தார்கள். உறைபனி பூத்திருந்த உலோகம் புகைந்தது. பிறகு விளிம்புகள் தளர்ந்து, பட்டப்பகலில், எந்த நெருப்பும் இல்லாமல், உருகி வழிந்தது. அனல் முகத்தில் அடித்தது. தேவானந்தன் சுவரோடு ஒட்டி நின்றார்.

"இதை இனிமே குளிர்ல வைக்க வேணாம்," என்றார் கடைசியில்.

ஆறி இறுகியதைச் சிந்துஜா அர்ச்சுனனிடம் கொடுத்தாள். அவர் அதை, உருகாமல் மீந்த மற்றத் துண்டு கிடந்த சாம்பலோடு மூவார் ஆற்றில் விடக் கொண்டுபோனார்; சிந்துஜாவும் உடன் போனாள். கையில் எடுத்தவர் உடனே விடவில்லை. விரல்களை மூடி வெகுநேரம் நின்றார். அது சூடாக இருந்ததா என்று சிந்துஜா கேட்கவில்லை.