கல்லில் சாய்ந்திருந்தவள்

எர்சீலியோவுக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. பாதிரியார், மாட்டு வைத்தியர், வானொலியில் மழை வரும் என்கிறவன், எவன் மேலும் கிடையாது. அவன் நம்பியது வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறையை மட்டும்தான். பாறையில் குடைந்த எட்ருஸ்கர் கல்லறை அது. ரோமாபுரிக்காரன் தலையெடுப்பதற்கு முன்னால் எங்கள் மண்ணை ஆண்டவர்கள் யாரையோ அதில் கிடத்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்ததைத் திருடர்கள் எப்போதோ வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். காலி இடத்தை வீணாக்குவானேன் என்று எர்சீலியோவின் அப்பா ஒயின் பீப்பாய்களை இறக்கினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் கல்லறையில் பன்றி வளர்க்கிறார்கள்.

திராட்சை அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், இன்னொரு பீப்பாய்க்கு இடம் பண்ண எர்சீலியோ கடப்பாரையால் சுவரைக் குத்தினான். சுவர் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. பின்னால் இன்னொரு அறை. அதில் ஒரு கல்பெட்டி. அதன் மூடி மேல் ஒரு புருஷனும் பெண்சாதியும் விருந்தில் இருப்பது மாதிரி கல்லாய்ச் சாய்ந்திருந்தார்கள்.

மண்ணுக்கடியில் கிடைப்பதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். சொன்னால் நிலவறையைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அப்புறம் ஒயினை எங்கே வைப்பது, தலை மேலா?

பெண்சாதி செலிண்டாவிடம் மட்டும் சொன்னான். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கெட்டது அங்கேதான்.

அவள் விளக்கைக் கல்லுப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ ஏன்யா படுத்திருக்கா?"

"சாப்பிடுறா. அந்தக் காலத்துல சாய்ஞ்சுக்கிட்டுதான் சாப்பிடுவாங்களாம்."

"புருஷன்கூட, சரிக்குச் சரியா?"

"எனக்கென்ன தெரியும்? நானா பந்தி விசாரிச்சேன்?"

"கையில கோப்பை வேற. அப்போ பரிமாறினது யாரு?"

கல்யாணமான நாளிலிருந்து செலிண்டா நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள், ஒரு கை வாணலியில், ஒரு கை ரொட்டியில்.

அன்று மத்தியானம் அவள் சோபாவில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தாள்.

"சூப்பைக் கொண்டா."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கொண்டாறியா, தொல்லியல் ஆபீசுக்குப் போன் போடட்டுமா?"

கொண்டுவந்தான். பாதி வழியில் சிந்தியது போக மீதியில் உப்பில்லை என்று திருப்பி அனுப்பினாள்.

அதோடு விட்டாளா? தன் தம்பி துய்லியோவின் பெண்சாதி அர்ஜாவுக்குக் கல்லுப் பெண்ணைக் காட்டினாள். அர்ஜா தபால்காரியைக் கூட்டிவந்தாள். ஒயின் ருசி பார்க்கிறோம் என்று ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாய் இறங்கினார்கள். ஏறி வரும்போது நடையே வேறு.

கடைசியில் துய்லியோ கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தான்.

"மச்சான், அங்க என்ன இழவைத்தான் வச்சிருக்க? என் வீட்டுக்காரி சாய்ஞ்சவ எழுந்திரிக்க மாட்டேங்கிறா. பாஸ்தாவை நான் வடிக்கிறேன், பாரு கொப்புளத்தை!"

"கத்தாதடா. வெளிய தெரிஞ்சா நிலவறை போயிரும்."

"நம்ம மானம் போகுதே!"

"உன்கிட்ட எப்ப இருந்துச்சு, போறதுக்கு?"

அப்படிப் பேசிய எர்சீலியோதான் ஞாயிற்றுக்கிழமை அடங்கிப்போனான். அன்று செலிண்டா பெண்களையெல்லாம் விருந்துக்கு அழைத்திருந்தாள். வீட்டில் இருந்த மெத்தைகள் எல்லாம் தரையில். புருஷன்மார்கள் எல்லாரும் சமையலறையில், ஒருத்தன் காலை ஒருத்தன் மிதித்துக்கொண்டு. எர்சீலியோ தட்டுகளைக் கழுவித் தீர்த்தான், ஈரக் கையோடு போனை எடுத்தான், ஜென்மத்தில் முதல்தடவையாய் அரசாங்கத்தைத் தானே கூப்பிட்டான்.

தொல்லியல் ஆபீஸ் அதிகாரி அம்மா வந்து பார்த்தாள்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"இப்பதான் அம்மா."

"தரையெல்லாம் ஹீல்ஸ் செருப்புத் தடமா இருக்கே?"

"எட்ருஸ்கருங்களுதா இருக்கும்."

கல்தம்பதி அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். நிலவறைக்கு முத்திரை விழுந்தது. வீட்டில் குளிர்ந்த இடம் வடக்கு அறை ஒன்றுதான், சோபா கிடந்ததும் அங்கேதான். பீப்பாய்களை அதன் தலைமாட்டில் உருட்டி நிறுத்திவிட்டு எர்சீலியோ நெஞ்சை நிமிர்த்தினான்.

"இனிமே யாருக்கு வேணா போன் போட்டுக்க. எழுந்திரு, அடுப்பைப் பாரு."

செலிண்டா சாய்ந்தபடியே கையை நீட்டிப் பீப்பாய்க் குழாயைத் திறந்து கோப்பையை நிரப்பிக்கொண்டாள்.

"நல்ல இடத்துலதான்யா வச்சிருக்க. இனி ஒயினுக்கு உன்னைக் கூப்பிட வேண்டியதில்ல. சூப்புக்கு மட்டும் வந்தாப் போதும்."

காலையில் அவனே ஏற்றிவைத்த பீன்ஸ் அடுப்பில் தீய்ந்து நாறியது. திட்டுவதற்கு நேரமில்லை. எர்சீலியோ ஓடினான்.